அவனுடைய ‘நான்’

சனிக்கிழமை காலை புனிதமலர் வேலைக்குப் போனபோது, வீட்டு எசமானி சின்யோரா ஒர்னெல்லா ஏணியில் ஏறி நின்று சாப்பாட்டு மண்டபச் சுவரிலிருந்த பெரிய படத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். உடுப்பில்லாத ஒரு பெண் ஆற்றங்கரையில் குந்தியிருந்து தலை துவட்டுகிற படம். வீட்டுக்கு வருகிற எவரிடமும் அதன் பெருமையைச் சொல்லாமல் சின்யோரா விட்டதில்லை. ஆயர் வந்து சாப்பிட்ட அன்றுகூட அந்தப் படம் சுவரில்தான் இருந்தது.

“பிடி, மரியா. மெதுவாக,” என்றாள். “இன்றைக்கு வருகிறவர்களுக்கு இதெல்லாம் பிடிக்காது.”

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் புனிதமலர் என்ற பெயர் வாயில் நுழையவில்லை என்று சின்யோரா அவளை மரியா ஆக்கிவிட்டாள். ஒன்பது வருடமாக அந்த வீட்டில் அவள் மரியாதான். குருநகரில் பிறந்து, கொழும்பு போய், அங்கிருந்து ஏஜென்சிக்காரன் கையில் அகப்பட்டுப் பல நாடு சுற்றி இத்தாலியின் பலெர்மோவில் வந்து விழுந்தவளுக்கு, பெயர் மாறினது ஒரு பெரிய விசயமாகத் தெரியவில்லை.

படம் கட்டிலுக்குக் கீழே போனது. வைன் போத்தல்கள் படுக்கையறை அலுமாரிக்குள் போயின. சின்யோரா கண்ணாடிக்கு முன் நின்று ஒரு பட்டுச் சால்வையைத் தலையில் போட்டுப் பார்த்தாள். பிறகு கழுத்தில் விட்டாள். பிறகு மறுபடி தலையில் போட்டாள். எஞ்சினியர் ஸ்பதாரோ, அவளுடைய புருசன், பழச்சாறு பிழியும் இயந்திரங்கள் செய்கிறவர். ஈரானிலிருந்து நாலு பேர் இயந்திரம் பார்க்க வந்திருந்தார்கள். ஐரோப்பாவுக்கும் ஈரானுக்கும் இடையில் மூடியிருந்த கதவு திரும்பத் திறந்திருந்த தொண்ணூற்றெட்டாம் ஆண்டு அது. கதவு திறந்ததும் முதலில் உள்ளே போகிறவன் வியாபாரி. எஞ்சினியர் அதை ஒளிக்கவும் இல்லை.

அவர்களுக்கு மொழிபெயர்க்க ஆள் தேவைப்பட்டது. பாரசீக மொழி தெரிந்த யாராவது இருக்கிறார்களா என்று சின்யோரா ஊரெல்லாம் கேட்டுத் திரிந்தாள். தாஹெரேயின் பெயரைச் சொன்னது புனிதமலர்தான்.

தாஹெரே கபோச் சந்தைக்கு மேலே, புனிதமலர் இருந்த அதே பழைய கட்டடத்தில், மேல்தளத்தில் தனியாக இருந்தாள். முதலில் புனிதமலர் கவனித்தது அவளுடைய நடையை. சுடுமணலில் மிதிக்கிறவள் போல ஒவ்வொரு படியிலும் பாதத்தை வைத்து வைத்து எடுப்பாள். ஒருநாள் கேஸ் சிலிண்டரோடு படியில் நின்று மூச்சு வாங்கினவளைப் பார்த்து, புனிதமலர் அதைத் தூக்கிக்கொண்டுபோய் வைத்தாள். அன்று தொடங்கியது சினேகிதம். இருவருக்கும் பொதுவாக இருந்தது இத்தாலியன் மட்டும். தாஹெரேயின் இத்தாலியன் புத்தகத்தில் படித்தது. புனிதமலரின் இத்தாலியன் குசினியில் படித்தது. இரண்டும் எப்படியோ ஒன்றையொன்று விளங்கிக்கொண்டன.

தன் கதையை தாஹெரே ஒரேயடியாகச் சொல்லவில்லை. துண்டு துண்டாகத்தான் சொன்னாள்.

“அரசனைத் துரத்தத் தெருவில் இறங்கியவர்களில் நானும் ஒருத்தி,” என்றாள் ஒருநாள். “பல்கலைக்கழக மதிலில் ஏறிக் கத்தினேன். அரசன் போனான். கொஞ்சக் காலம்தான். எங்களுக்குப் பக்கத்தில் நின்று கத்தினவர்களே பிறகு எங்களைப் பிடித்தார்கள். அந்த நேரம் ஈராக்கோடு போர். போர் நேரத்தில் எதிர்த்துக் கதைக்கிறாயா என்றுதான் முதல் அடி விழுந்தது.”

எதனால் அடித்தார்கள் என்று சொல்ல அவளுக்கு இத்தாலியன் சொல் வரவில்லை. புனிதமலரின் துணி அழுத்திப்பெட்டியிலிருந்து தொங்கின வயரைக் காட்டினாள். இதைப்போல, இதைவிடத் தடிப்பு என்று விரலால் அளவு காட்டினாள். பிறகு தன் உள்ளங்காலைக் காட்டினாள். அவளுடைய புருசன் பெஹ்மனும் சிறையில் இருந்தான். போர் முடிந்த கோடையில் சிறைகளில் தூக்கு நடந்தது. அவனுடைய தாய்க்கு ஒரு பையைக் கொடுத்தார்கள். உள்ளே ஒரு சேட்டும் கைக்கடிகாரமும். எங்கே புதைத்தீர்கள் என்று கேட்டதற்கு, கேட்டால் மற்ற மகனுக்கும் பை தருவோம் என்றார்களாம்.

புனிதமலர் தன் தம்பி அகஸ்ரினைப் பற்றிச் சொன்னாள். ஊரில் அந்தக் காலம் பல இயக்கங்கள். அகஸ்ரின் போய்ச் சேர்ந்தது ஒன்று. ஒருநாள் எல்லாவற்றையும் விழுங்கினது இன்னொன்று. சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தவனை எச்சில் கையோடு கூட்டிக்கொண்டு போனார்கள். அம்மா முகாம் முகாமாக அலைந்தா. விசாரிச்சிட்டு விடுவம் என்றார்கள். பிறகு வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டோம் என்றார்கள். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஆமிக்காரன் அடித்த செல்லில் வீடும் போனது, மாமனாரும் போனார். ஆமிக்காரனைப் பற்றி யாரிடமும் சத்தமாகச் சொல்லலாம். அகஸ்ரினைப் பற்றிச் சொல்ல, மேல்மாடிக்கு ஏறிப்போய் ஒரு ஈரான்காரியிடம் இத்தாலியனில்தான் சொல்ல முடிந்தது.

மொழிபெயர்க்கக் கூப்பிட்டபோது தாஹெரே சின்யோராவிடம் நேரடியாகக் கேட்டாள். “அரசாங்க ஆட்களா?”

“இல்லையில்லை. தனியார். பிஸ்தா, மாதுளை, அந்த மாதிரி வியாபாரிகள்,” என்றாள் சின்யோரா. அவள் அப்படிச் சொன்னபோது புனிதமலர் பக்கத்தில் நின்றாள். வந்த நாலு பேரின் பெயர்ப்பட்டியல் மூன்று நாளாகக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தது. மூன்று பேருக்குப் பக்கத்தில் கம்பனிப் பெயர் இருந்தது. நாலாவது ஆளுக்குப் பக்கத்தில் ‘ஆலோசகர், அமைச்சு’ என்று இருந்தது. புனிதமலர் அதை வாசித்திருந்தாள். அமைச்சு என்றால் விவசாயமாக இருக்கும் என்று நினைத்தாள். அப்படி நினைப்பது வசதியாகவும் இருந்தது.

மதியம் வந்தார்கள். ஆலோசகர் என்ற ஆளுக்கு ஐம்பது வயது இருக்கும். கத்தரித்த தாடி, கழுத்துவரை பூட்டிய சேட், விரலில் கல் வைத்த மோதிரம். பெரிய சத்தமாகக் கதைக்கவே தேவைப்படாத ஆள் என்று பார்த்ததும் தெரியும். மேசையின் ஒரு பக்கம் எஞ்சினியர், சின்யோரா, மிலானோவில் படிக்கிற அவர்களுடைய மகன், குடும்ப வக்கீல். எதிரே நாலு விருந்தாளிகள். ஆலோசகருக்குச் சற்றுப் பின்னால் ஒரு கதிரை போட்டு தாஹெரேயை இருத்தினார்கள். வேலைக்கு வந்ததால் அவளும் தலையில் துணி கட்டியிருந்தாள். கட்டச் சொன்னது சின்யோரா.

முதல் அரைமணி நேரம் இயந்திரக் கதைதான் நடந்தது. கம்பனிக்காரர் மூவரும் மாறி மாறிக் கேட்டார்கள், எஞ்சினியர் சொன்னார், தாஹெரே இரண்டு பக்கமும் திருப்பினாள். அவர் ‘நான்’ என்றால் அவளும் ‘நான்’ என்பாள். அதுதான் அந்தத் தொழிலின் முறை என்று அவள் முன்பே புனிதமலருக்குச் சொல்லியிருந்தாள். மற்றவனின் ‘நான்’ வாய்க்குள்ளே வரும், கொஞ்ச நேரம் இருக்கும், போய்விடும்.

பாஸ்தாத் தட்டுகளை எடுக்கப் புனிதமலர் உள்ளே வந்தபோதுதான் ஆலோசகர் முதல்முறையாகப் பேசத் தொடங்கினார். அதுவரை தலையசைத்ததோடு சரி. மெத்தென்ற குரலில், நீளமாக, மெதுவாகப் பேசினார். தாஹெரே மொழிபெயர்த்தாள்.

“எங்கள் மீது எட்டு வருடப் போரைத் திணித்தார்கள். நாங்கள் இரத்தம் சிந்தி விடுதலையைக் காப்பாற்றினோம். நான் என் இளமையை முழுக்க இந்த மக்களுக்கே கொடுத்தேன்…”

அந்த இடத்தில் அவள் இருமி நின்றாள். தண்ணீர்க் கிளாசைத் தேடினாள். ஆலோசகர் பாதி திரும்பி, அவளைப் பார்த்து, மிகவும் கனிவாக ஏதோ இரண்டு வசனம் சொன்னார். மற்ற மூன்று ஈரானியரும் புன்னகைத்தார்கள். தாஹெரே கிளாசை மேசையில் வைத்தாள். எதிரே தட்டுகளோடு நின்ற புனிதமலருக்கு அவளுடைய பாதங்கள் தெரிந்தன. சப்பாத்துக்குள்ளிருந்த இரண்டு பாதத்தையும் அவள் நிலத்திலிருந்து தூக்கிப் பிடித்திருந்தாள்.

அவர் மறுபடி பேசினார். முடித்துவிட்டு அவளுக்காகக் காத்திருந்தார். தாஹெரே தொடங்கினாள். அதே குரல், அதே அளவான வேகம்.

“நான் அப்போது பேர் இல்லாத ஆள். சிறையில் எங்கள் எல்லாரையும் சகோதரர் என்றுதான் கூப்பிட வேண்டும். நான் இந்தப் பெண்ணின் கண்ணைக் கட்டிக் கட்டிலில் கட்டி, உள்ளங்காலில் கேபிளால் அடித்தேன். அவள் மயங்கப் பார்த்தபோதெல்லாம் நிறுத்தி, ‘சகோதரி, மூச்சை ஆறுதலாக இழுங்கள், அவசரமில்லை, எங்களுக்கு விடியும்வரை நேரம் இருக்கிறது’ என்று சொன்னேன். இப்போது உங்கள் மேசையிலும் அதையேதான் சொன்னேன். நான் இவளுடைய கணவனின் பெயரைக் கூப்பிட்டு, இவனும் நேற்றுவரை நல்லாய்த்தான் மூச்சு விட்டான் என்று சொன்னேன். நான் உங்களிடம் சாறு பிழிகிற இயந்திரம் வாங்க வந்திருக்கிறேன்.”

புனிதமலருக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. ஆனால் அவளால் மறக்க முடியாமல் போனது வேறொன்று. எஞ்சினியர் சிரித்த முகத்தோடு தலையாட்டிக்கொண்டிருந்தார். குரலின் ஏற்ற இறக்கம் மாறாததால், சொல்வது என்னவென்று அவருடைய காதுக்குள் போக நேரம் எடுத்தது. இத்தாலியன் தெரியாத ஆலோசகரும் தலையாட்டிக்கொண்டிருந்தார், தன் அழகான பேச்சு அழகாகவே போய்ச் சேருகிறது என்ற திருப்தியோடு. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள்.

சின்யோராவின் கையிலிருந்த முள்ளுக்கரண்டிதான் முதலில் நின்றது.

எஞ்சினியர் சிரித்தார். “மொழிபெயர்ப்பாளர்களும் பாடகர்கள் மாதிரித்தான். நரம்புத் தளர்ச்சி,” என்றார். சின்யோரா எழும்பி வந்து தாஹெரேயின் முழங்கைக்குக் கீழே பிடித்து, “உனக்கு உடம்பு சரியில்லை, கண்ணம்மா, வா,” என்று கூட்டிக்கொண்டு போனாள். அணைத்துக்கொண்டு போவது போலத்தான் இருந்தது. தாஹெரே கையை உதறவில்லை. வாசல்வரை போய், திரும்பி அந்த ஆளைப் பார்த்து, பாரசீகத்தில் ஒரே ஒரு சொல் சொன்னாள். என்ன சொல் என்று புனிதமலருக்குத் தெரியாது. அந்த ஆளின் தாடைக்குள் ஏதோ அசைந்தது, அவ்வளவுதான்.

மிச்சத்தை மகன் ஆங்கிலத்தில் பார்த்துக்கொண்டான். ஈரானியரில் ஒருவருக்கு ஆங்கிலம் தெரிந்திருந்தது. அம்மணிக்குத் திடீரென்று சுகமில்லாமல் போய்விட்டது என்று மகன் சொன்னான். ஆலோசகர் நெஞ்சில் கை வைத்தார். பாவம், போர் எங்கள் பெண்கள் பலருடைய மனதை உடைத்துவிட்டது, இறைவன் அவளுக்குச் சுகம் கொடுக்கட்டும் என்றார். அது ஆங்கிலம் வழியாக இத்தாலியனுக்கு வந்து சேர்ந்ததும் மேசையில் எல்லாருக்கும் மூச்சு வந்தது. வக்கீல் மெதுவாகச் சொன்னார்: “பாருங்கள், எவ்வளவு பண்பான மனிதர்.”

“மரியா, மீன்,” என்றாள் திரும்பி வந்த சின்யோரா.

மரியா மீனைக் கொண்டுவந்தாள். சுருட்டிப் பொரித்த வாள்மீன், தோடம்பழத் துண்டுகளோடு. ஒவ்வொருவராகப் பரிமாறி அந்த ஆளிடம் வந்தாள். நகங்கள் ஒட்ட வெட்டிச் சுத்தமாக இருந்தன. “கிராத்சியே,” என்றான். வந்த இடத்தில் பழகிய நன்றிச் சொல். அவளுடைய கை தானாகவே இன்னொரு துண்டை எடுத்து அவனுடைய தட்டில் வைத்தது. ஒன்பது வருடப் பழக்கம். வைத்த பிறகுதான் அந்தக் கை தன்னுடையது என்று அவளுக்கு உறைத்தது.

சாப்பிட்டார்கள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. வாயைத் துடைத்தார்கள், எலுமிச்சை பிழிந்தார்கள், இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள், இனிப்பு வந்தபோது ஆகா என்றார்கள். எழும்பிப் போக ஒருவருக்காவது கால் வரும் என்று குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். ஒருவருக்கும் வரவில்லை. இதே சின்யோராதான் மாஃபியாக்காரர் நீதவான்களைக் குண்டு வைத்துக் கொன்ற வருடம் பல்கனியில் வெள்ளைத் துணி தொங்கவிட்டவள். இந்த நகரம் இனி வாய் மூடாது என்று அதில் எழுதியிருந்தது. அந்தத் துணியைச் சுருக்கமில்லாமல் அழுத்திக் கொடுத்தது புனிதமலர்.

அந்த ஆளின் தட்டைக் கழுவினாள். திரும்பவும் கழுவினாள். மற்றத் தட்டுகளோடு அடுக்கப் போய் நின்றாள். பிறகு தட்டைக் குப்பை வாளிக்குள் தோல்களுக்கு அடியில் செருகினாள்.

போகிற நேரம் சின்யோரா ஒரு வட்டப் பெட்டியை நீட்டினாள். ஈரான் மிட்டாய். “அவர் அந்தப் பெண்ணுக்குக் கொடுத்துவிடச் சொன்னார். கோபமே இல்லை, பார். நீ ஒரே கட்டடம்தானே.”

“நான் இதைக் கொண்டு போகமாட்டேன், சின்யோரா.”

“ஏன்?”

“நீங்கள் கேட்டீர்கள்தானே அவள் சொன்னதை.”

சின்யோரா பெட்டியை மேசையில் வைத்தாள். “நான் ஒன்றும் கேட்கவில்லை, மரியா,” என்றாள். “நீயும் கேட்கவில்லை.”

மேல்மாடியில் தாஹெரே உப்புத்தண்ணீரால் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தாள். கொப்பளித்துத் துப்பினாள், திரும்ப எடுத்தாள். உதடு வெடித்து இரத்தம் கசிந்தது. புனிதமலர் கிளாசைக் கையிலிருந்து வாங்க வேண்டியிருந்தது.

“கண்ணைக் கட்டியிருந்ததால் முகம் தெரியாது. இன்றைக்குத்தான் பார்த்தேன்,” என்றாள் தாஹெரே. “சாதாரண முகம். பேருந்தில் எழும்பி இடம் கொடுக்கிற முகம். அந்த அரைமணி நேரமும் அவன் வாய் திறக்காமல் இருந்தான், நான் பக்கத்தில் இருந்தேன். அவனுக்குப் பாண் துண்டைக்கூட எடுத்துக் கொடுத்தேன். பிறகு அவனுடைய ‘நான்’ என் வாயிலிருந்து வந்தது. மக்களுக்காக இளமையைக் கொடுத்தேன் என்று நான் சொன்னேன், புனிதா. நான்.”

“பிறகு நீ வேறு சொன்னாய்.”

“நீ கேட்டாயா? நான் உண்மையிலேயே சத்தமாகச் சொன்னேனா? அவர்கள் சாப்பிட்டார்களே.”

“சொன்னாய். எல்லாம் கேட்டது.”

தாஹெரே கட்டிலில் இருந்தாள். கீழே சந்தையில் மீன்காரர் கடைசி விலை கூவுவது ஜன்னலால் வந்தது. “என் அம்மாவும் ஐந்து நேரமும் தொழுகிறவள்,” என்றாள். “இறைவன் பேரை அந்த வாயில் கேட்கிறபோது அம்மாவின் தொழுகை விரிப்பில் யாரோ துப்பினது போல இருக்கிறது.”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பின்னேரம் கோபாலசிங்கம் வந்தான். எல்லா ஞாயிறும் வருகிறவன்தான். ஊரில் இயக்கத்தில் இருந்து, எப்படியோ வெளியே வந்து, இஞ்சை தமிழாக்களின் கூட்டங்களையும் விழாக்களையும் நடத்துகிற ஆள். முப்பத்தைந்து வயது, நல்ல வெள்ளைச் சேட், எல்லாரையும் அக்கா அண்ணை என்று மரியாதையாகக் கூப்பிடுவான். புனிதமலரின் புருசன் விமலராஜுக்கு அவன் வீட்டுக்கு வருவது பெருமை. வன்னியில் சண்டை இறுகின காலம். செய்தி முதலில் அவனிடம்தான் வரும்.

தேத்தண்ணியும் கட்லட்டும் கொண்டுவந்து வைத்தாள். சனிக்கிழமை நடந்ததை அவள் விமலராஜுக்குச் சொல்லியிருந்தாள். விமலராஜ் அதை ஒரு புதினமாகக் கோபாலசிங்கத்துக்கு எடுத்துச் சொன்னான். வக்கீல் ஒருத்தியிடம் நாளைக்கு முறைப்பாடு கொடுக்கப் போகினமாம், இவளையும் சாட்சிக்குக் கேக்கினம் என்றான்.

“தேவையில்லாத வேலை, அக்கா,” என்றான் கோபாலசிங்கம். “உங்கட பெர்மெஸ்ஸோ, இஞ்சை இருக்கிற விசா, அந்தச் சின்யோராட வேலையிலை இருக்கு. பிறத்தியாற்றை நாட்டுப் பிரச்சினை எங்களுக்கு என்னத்துக்கு. அதோடை ஒரு போராட்டம் எண்டால் உள்ளுக்குள்ளை களையெடுக்கத்தானே வேணும். அவையள் செய்தது அவையளுக்குச் சரி.”

அவன் கட்லட்டில் பாதியைக் கடித்தான்.

“எண்டாலும் அவங்கள் முறை தெரிஞ்ச ஆக்கள், அண்ணை,” என்றான் விமலராஜிடம். “உள்ளங்கால் நல்ல இடம். எலும்பு முறியாது, வெளியிலை தழும்பு தெரியாது. ஆனா அடிச்ச கையோடை எழுப்பி நடக்கவிட வேணும். இல்லாட்டி வீங்கிப்போகும், அடுத்த நாள் வேலை பாக்கேலாது.”

சமையல் பக்குவம் சொல்வது போலத்தான் சொன்னான். குரலில் பெருமைகூட இல்லை. விரலில் ஒட்டியிருந்த ரஸ்க் தூளை மற்றக் கையால் தட்டிவிட்டான். அவனுடைய நகங்களும் ஒட்ட வெட்டியிருந்தன. இந்தக் கைக்குத்தான் வருடக்கணக்காகப் பேணி பேணியாகத் தேத்தண்ணி கொடுத்திருக்கிறேன் என்று புனிதமலர் நினைத்தாள். நேற்று அந்த மேசையில் ஒருவருக்கும் எழும்பக் கால் வரவில்லை என்று கதவுக்குப் பின்னால் நின்று அருவருத்தவள், தன் வீட்டு மேசையை இவ்வளவு காலமும் பார்க்கவில்லை.

“அகஸ்ரினையும் நடக்க விட்டனீங்களோ?” என்று கேட்டாள்.

விமலராஜ் நிமிர்ந்தான். “புனிதம், சும்மா இரும்.”

“ஆர் அகஸ்ரின், அக்கா?”

“என்ர தம்பி. மற்ற இயக்கத்திலை இருந்தவன். உங்கட ஆக்கள் சோத்துக் கோப்பையோடை எழுப்பிக்கொண்டு போனவை. நீங்கள் அந்த முகாமிலை இருந்தனீங்களோ, வேறை முகாமோ எனக்குத் தெரியாது. தெரிஞ்சவர் மாதிரிக் கதைக்கிறியள், அதுதான் கேக்கிறன்.”

“அக்கா, அது வேறை. நீங்கள் விளங்காமல் கதைக்கிறியள். அந்த ஈரான்காரன் சொந்த மக்களைச் சித்திரவதை செய்தவன். எங்கட இடத்திலை பிடிபட்டவங்கள் துரோகியள்.”

“அவனும் அப்பிடித்தான் சொல்லுவான், தம்பி. ஒரு சொல்லும் மாறாது.”

கோபாலசிங்கம் சிரித்தான். சின்யோராவின் புருசன் சிரித்த அதே சிரிப்பு. “அக்காவுக்கு வேலை கூடிப்போச்சு போல,” என்றான் விமலராஜைப் பார்த்து. “மூச்சை எடுத்து ஆறுதலா இருங்கோ, அக்கா.”

அவனுக்கு அந்த வசனத்தின் கதை தெரியாது. விமலராஜுக்கு அவள் அதைச் சொல்லியிருக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னான். புனிதமலர் கிட்டப் போய் அவனுடைய கையிலிருந்த தேத்தண்ணிப் பேணியை வாங்கினாள். அவனும் கொடுத்துவிட்டான், இன்னும் ஊற்றப் போகிறாள் என்று நினைத்திருப்பான். அவள் அதைக் கொண்டுபோய்த் தொட்டிக்குள் ஊற்றினாள்.

“எழும்புங்கோ,” என்றாள். “இனி இஞ்சை வராதேங்கோ.”

“புனிதம்,” என்றான் விமலராஜ்.

“நீங்களும் போறதெண்டால் போங்கோ. உங்கட அப்பா ஆமின்ர செல்லிலை செத்தவர். அதுக்கு நான் உங்களோடை இருந்து அழுதனான். அகஸ்ரினுக்கு நீங்கள் ஒருநாளும் அழேல்லை. அழப் பயம். இவருக்குத் தேத்தண்ணி குடுத்துக் குடுத்து எனக்கும் அந்தப் பயம் பழகிப்போச்சு.”

கோபாலசிங்கம் எழும்பினான். வாசலில் நின்று சப்பாத்தைப் போட்டபடி, குரலை உயர்த்தாமல் சொன்னான்: “ஊரிலை அம்மா இன்னும் இருக்கிறா என்ன, அக்கா?”

“ஓம், இருக்கிறா. போய்ச் சொல்லுங்கோ.”

விமலராஜ் அவனோடு படியிறங்கிப் போனான். மன்னிப்புக் கேட்கத்தான் போனான் என்று அவளுக்குத் தெரியும். திரும்பி வந்து அவளோடு கதைக்காமல் படுத்துவிட்டான்.

திங்கட்கிழமை புனிதமலர் வேலைக்குப் போகவில்லை. தாஹெரேயோடு ஸ்டேசனுக்குப் பக்கத்திலிருந்த ஒரு சின்ன அறைக்குப் போனாள். அகதிகளுக்கு வழக்குப் பார்க்கிற இளம் வக்கீல் ஒருத்தி அங்கே இருந்தாள். தாஹெரே சொன்னதைக் கேட்டு, சனிக்கிழமை மாலையே அவள் எஞ்சினியர் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்திருந்தாள். மேசையில் இருந்த நாலு இத்தாலியரும் ஒரே வசனத்தைச் சொன்னார்களாம்: அம்மணிக்குச் சுகமில்லாமல் போனது, அவர் ஒன்றும் சொல்லவில்லை.

“நீங்கள்தான் மிச்சம்,” என்றாள் வக்கீல். “இதனால் வேலை போகலாம். தெரியும்தானே?”

“தெரியும். எழுதுங்கோ,” என்றாள் புனிதமலர். பாதித் தமிழில் சொன்னதை உணர்ந்து, இத்தாலியனில் திருப்பிச் சொன்னாள்.

தாஹெரே சொன்ன ஒவ்வொரு வசனத்தையும் கேட்டபடியே சொன்னாள். சொல்லும்போது அவளுக்கும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டியிருந்தது. நான் அடித்தேன். நான் கட்டினேன். வாய் கசந்தது. சொல்லி முடித்து, கையெழுத்து வைத்து, தண்ணீர் கேட்டுக் குடித்தாள்.

அதனால் அந்த ஆளுக்கு ஒன்றும் நடக்கவில்லை. அவர்கள் கையெழுத்து வைத்த நேரம் அவன் ரோமுக்குப் பறந்துவிட்டான். ராஜதந்திரப் பாஸ்போர்ட் வைத்திருந்தானாம். உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றில் கீழ் மூலையில் நாலு வரி வந்தது. எஞ்சினியரின் இயந்திரங்கள் மார்கழியில் கப்பலேறின. சின்யோரா புனிதமலரின் சம்பள மிச்சத்தை ஒரு உறையில் போட்டுக் கட்டடக் காவலாளியிடம் கொடுத்துவிட்டாள். வீட்டுக்குள் விடவில்லை. உறையில் ‘மரியா’ என்று எழுதியிருந்தது.

தாஹெரேயின் தாயை தெஹ்ரானில் இரண்டு பேர் போய்ப் பார்த்தார்கள். இனிப் பேசவேண்டாம், மகளே என்று தாய் தொலைபேசியில் சொல்லிவிட்டு வைத்தாள். அவள் சொன்ன விதத்தில், பக்கத்தில் யாரோ நின்றது தெரிந்தது என்றாள் தாஹெரே. ஆனால் அந்த நாலு வரியை ஜெர்மனியில் யாரோ மொழிபெயர்த்துப் படித்து, கொலோனிலிருந்து ஒரு பெண் தொலைபேசி எடுத்தாள். அதே சிறை. அதே குரல், அதே வசனம். அவளுக்கு இன்னும் இரண்டு பேரைத் தெரியும். தாஹெரே ஒரு சூட்கேசோடு கொலோனுக்குப் போனாள். ஒரு மாதம் என்றுதான் போனாள். பிறகு அறையை விட்டுவிடச் சொல்லி எழுதினாள்.

புனிதமலருக்கு ஒரேத்தோப் பக்கம் அடுக்குமாடிகளில் படி கழுவுகிற வேலை கிடைத்தது. கோவிலில் அவளுக்குப் பக்கத்து வாங்கு காலியாக இருக்கத் தொடங்கியது. துரோகி என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை; சுகம் கேட்பதை நிறுத்திக்கொண்டார்கள். நேற்றுவரை குழந்தையைக் கையில் தந்துவிட்டுப் போனவர்கள் அவளைக் கண்டால் கைப்பைக்குள் எதையோ தேடினார்கள். அந்தத் தேடலைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் கவலையைவிட அருவருப்புத்தான் கூடியது. விமலராஜ் கூட்டங்களுக்குப் போவதை விடவில்லை; வீட்டுக்கு யாரையும் கூட்டி வரவும் இல்லை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையை அப்படியே வைத்துக்கொண்டு, அகஸ்ரினுக்கு அப்ப என்ன வயசு என்று கேட்டான். பத்தொன்பது என்றாள். அவன் மிச்சத்தைச் சாப்பிடவில்லை.

தை மாதம், குளிர் நாள் ஒன்றில், படி கழுவிக்கொண்டிருந்தவளைத் தேடி ஒரு பெண் வந்தாள். குகனேஸ்வரி. ஊர் மானிப்பாய்ப் பக்கம், இங்கே இதே தெருவில் கிழவர் ஒருவரைப் பராமரிக்கிறவள். முன்பு விழாக்களில் கண்டு சிரித்திருக்கிறார்கள். மூன்று மாதமாகச் சிரிப்பும் இல்லை. கீழ்ப் படியில் நின்று வாசலைப் பார்த்தாள், மேலே பார்த்தாள், ஒருவரும் இல்லையென்று கண்ட பிறகுதான் வாய் திறந்தாள்.

“அக்கா, நீங்கள் அந்த லோயரிட்டைச் சொன்னனீங்களாம். அவ எங்கட ஆக்களின்ரயும் எழுதுவாவோ?” அவளுடைய குரல் காற்றாக வந்தது. “என்ர அவரை எண்பத்தேழிலை கொண்டு போனவை. நான் வந்தது ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ.”

அந்தக் காற்றுக் குரலைக் கேட்கப் புனிதமலருக்கு உடம்பு கூசியது. தெஹ்ரானில் ஒரு தாய் தொலைபேசியில் பேசினதும் இந்தக் குரலில்தான் இருந்திருக்கும். வாளியை ஓரமாக வைத்தாள். ஈரமில்லாத படியாகப் பார்த்துக் குந்தினாள், பக்கத்தில் இடம் காட்டினாள்.

“அவ எழுதுவாவோ தெரியாது, கேட்டுப் பாப்பம்,” என்றாள், கட்டடம் முழுக்கக் கேட்கிற குரலில். “முதல்லை எனக்குச் சொல்லும். அவற்றை பேர் என்ன?”

குகனேஸ்வரி திடுக்கிட்டு வாசலைப் பார்த்தாள். பிறகு வந்து பக்கத்தில் குந்தி, “பேரின்பநாயகம்,” என்றாள்.